எலும்பு தின்னும் கிட்டார்

அடித்தந்தியைப் பெருவிரலால் தட்டியதும் கிட்டார் தொண்டையைச் செருமியது.

ஞானப்பிரகாசம் கையை எடுத்துவிட்டான். ஏதோ தவறுதலாக நடந்திருக்கும் என்று மீண்டும் தட்டினான்.

"ர்ர்ர்ம்."

முற்றத்துப் பூவரச நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஞானமலரின் ஊசி அந்தரத்தில் நின்றது.

"உதென்னடா?"

"புதுத்தந்தி அக்கா. இளகி இருக்குது. முறுக்கினால் சரிவரும்."

"முறுக்கிப் பார்."

முறுக்கினான். தட்டினான். செருமல் முன்னையிலும் தெளிவாக வந்தது.

"தந்தியாம் தந்தி! உது என்ரை தம்பியின்ரை தொண்டையெல்லே!" என்று சொல்லி ஞானமலர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதைத்தான் ஞானப்பிரகாசமும் நினைத்தான். ஆனால் நினைத்ததை வெளியே சொல்கிற வழக்கம் அவனிடம் இல்லை.

ஞானமலரின் தம்பி யாகப்பு கடலோடு போய் ஒரு வருடமாகிறது. மணல் கலந்த குரல் அவனுக்கு. கள்ளுக்கு வா என்றால் உடனே ஓம் என்பான். ஏலாது என்று சொல்ல வேண்டி வந்தால் மாத்திரம் முதலில் இப்படி ஒரு செருமல் வரும். அதைக் கேட்ட பிறகு அவனிடம் மேற்கொண்டு கேட்பதில் பயனில்லை என்று கள்ளப்பாட்டுக் கரை முழுவதற்கும் தெரியும். பதினான்கு வருடம் அவனோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போன ஞானப்பிரகாசத்துக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

கிட்டாரும் யாகப்புவுடையதுதான். மீன் பருவத்துக்கு நீர்கொழும்பிலிருந்து வந்து கரையில் வாடி போட்டிருந்த ஒருவன் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஆறு தந்தியில் யாகப்பு தொட்டது அடியிலிருந்த இரண்டை மாத்திரமே. பெருநாட்களில் மற்றவர்கள் பாட, இவன் பின்னால் குந்தியிருந்து "தும், தும்" என்று தட்டிக்கொண்டிருப்பான். மற்ற நாலும் உனக்கென்னத்துக்கு என்று கேட்டால், "அதுகள் பாத்துக்கொண்டிருக்கட்டும்" என்பான்.

அவன் போன பிறகு உப்புக்காற்றில் தந்திகள் துருப்பிடித்து ஒவ்வொன்றாக அறுந்தன. நேற்று, ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில், யாகப்புவின் மனைவி சூசையம்மா ஞானப்பிரகாசத்தை நிறுத்திச் சொன்னாள்.

"வாற ஞாயிறு பேசாலையிலையிருந்து அண்ணர் வாறார். என்னைக் கூட்டிக்கொண்டு போகப் போறாராம். அதுக்குமுந்தி அந்தக் கிட்டாரின்ரை சத்தத்தை ஒருக்கால் கேக்கோணும் போலை கிடக்கு. தந்தி மாத்தித் தருவீங்களே?"

ஞானப்பிரகாசத்துக்கு முப்பத்தெட்டு வயது. கலியாணம் செய்யவில்லை. என்னைக் கட்டிக்கொள்வாயா என்று சூசையம்மாவிடம் கேட்க வேண்டுமென்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான். இனி ஆறு நாள்தான் இருந்தது.

முன்பெல்லாம் அவள் அவனை "ஞானண்ணை" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். ஒரு மாதமாக அந்த "அண்ணை" காணாமல் போயிருந்தது. பெயரே சொல்லாமல் கதைத்தாள். தன்மேல் அவளுக்கு ஏதோ கோபம் என்று அவன் கவலைப்பட்டான்.

இப்போது அவள், ஞானமலரோடு அவள் இருக்கும் அந்த வீட்டின் குசினி வாசலில் நின்று கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புச் சேலை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அவர் இருக்கேக்கை உது இப்பிடிச் சத்தம் போட்டதில்லை," என்றாள்.

"நாளைக்குச் சரிப்படுத்துறன்."

"நாளைக்கு வருவீங்களே?"

"வருவன்."

அந்தக் கேள்வியில் பயம் இருந்ததாக அவனுக்குப் பட்டது.

செவ்வாய்க்கிழமை, கரையில் வேலை முடிந்து குளித்துவிட்டு அவன் வந்தபோது பிற்பகல். வேலிக்கு அப்பால் கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கிட்டாரை மடியில் வைத்து, கண்ணுக்கு நேரே தூக்கி, மீன் வாங்க வந்தவன் செவுள் பார்ப்பதுபோல் எல்லாப் பக்கமும் பார்த்தான். குறை எங்கேயென்று தெரிந்தது. தந்திகள் ஏறி உட்கார்ந்திருக்கும் எலும்புத் துண்டு நாள்பட்டுத் தேய்ந்திருந்தது. அதனால் தந்திகள் தாழ்ந்து, அதிரும்போது கழுத்தில் வரிவரியாகப் பதித்திருந்த பித்தளையில் உரசின. எலும்பை உயர்த்தினால் போதும்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அவனுக்கு உடம்பு இலேசானது.

வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆமையோட்டில் ஒரு துண்டு வெட்டி, அரம் போட்டு, பழைய எலும்பின் இடத்தில் வைத்தான். தந்திகளை ஏற்றி முறுக்கினான். தட்டினான்.

"தும்."

கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு காதில் நிற்குமே, அப்படி நின்றது அந்தச் சத்தம். சூசையம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

இதுதான் கேட்கிற நேரம். ஞானப்பிரகாசம் வாயைத் திறந்தான்.

"தேத்தண்ணி இருக்கே?" என்று கேட்டான்.

தேத்தண்ணியும் பனங்கட்டியும் வந்தன. குடித்தான். காற்று கூரைக் கிடுகுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகு எழுந்து போனான்.

போகிற வழியில், கல்லறைகள் இருக்கும் சேமக்காலைக்குள் இறங்கி யாகப்புவின் சிலுவையடியில் குந்தினான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"மச்சான், உன்ரை மனுசியை நான் கட்டட்டோ?"

யாகப்பு பேசாமல் இருந்தான். இருவரும் வள்ளத்தில் இருக்கும்போதும் அப்படித்தான். ஒரு கேள்விக்கு மறுமொழி வர ஒரு வலை இழுத்து முடிந்துவிடும்.

"அவசரமில்லை. நாளைக்குச் சொல்லு. கிட்டார் இண்டைக்குப் போலை சுத்தமாய்ப் பாடினால் ஓம் எண்டு எடுப்பன். செருமினால் ஏலாது எண்டு எடுப்பன். சரியே?"

கடல் ஒருமுறை புரண்டு படுத்தது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஞானப்பிரகாசம் வீட்டுக்குப் போனான்.

புதன்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான். அதைக் கண்ட ஞானமலர், "கிட்டார் பாக்கிறதுக்கு இப்பிடியோ? நாங்கள் பொம்பிளை கேட்டு வந்திட்டினமோ எண்டு பாயெல்லே தேடினனாங்கள்," என்றாள். அவன் காது சிவக்க உட்கார்ந்து, இரவில் இளகியிருந்த தந்திகளை முறுக்கி ஏற்றினான். தங்கூசி இளகும், அது அதன் குணம். முல்லைத்தீவுக் கடைகளில் வலைநூல் உண்டு, தூண்டில் உண்டு, கிட்டார்த் தந்தி இல்லை. ஆகையால் மீன்பிடிக்கிற தங்கூசியைத்தான் அவன் தந்தியாகப் போட்டிருந்தான். கண்ணாடிபோன்ற நைலோன் கயிறு. கரைக்கு வந்து இரண்டு மூன்று வருடந்தான். தடித்தது அடிக்கு, மெல்லியது மேலுக்கு.

தட்டினான்.

"ர்ர்ர்ம்."

ஒரு தந்தி அல்ல, இப்போது இரண்டு செருமின.

எலும்பிருந்த இடத்தைப் பார்த்தான். ஆமையோடு அங்கேயேதான் இருந்தது. ஆனால் நேற்று வைத்த உயரம் இல்லை. உள்ளே அமிழ்ந்ததுபோல், எவரோ சப்பியதுபோல், தாழ்ந்திருந்தது.

"பதிஞ்சிட்டுது," என்றான் ஞானப்பிரகாசம்.

"பதியிறதோ? தின்னுதடா," என்றாள் ஞானமலர். ஊசியை மடியில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்டைக்கு அவன் தின்னாமல் போனவன். புட்டு அவியமுந்தி வள்ளம் இறக்கிப் போட்டாங்கள். வெறும் வயித்தோடை போனவன்."

சூசையம்மா எழுந்து குசினிக்குள் போனாள். காற்றும் அந்நேரம் பார்த்து நின்றுவிட்டது. மூலையில் சாத்தியிருந்த கிட்டாரை ஞானப்பிரகாசம் பார்த்தான். அதன் வட்ட வாய் திறந்திருந்தது.

அன்று பின்னேரம் சைக்கிளை மிதித்துக்கொண்டு முல்லைத்தீவு தச்சுப் பட்டறைக்குப் போனான். ஐயாத்துரை ஆசாரி கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார்.

"ஆமையோடு எண்டால் அமத்தத்தான் செய்யும். மான்கொம்பு வைச்சுப் பாரும். கொம்பை ஆரும் தின்னேலாது."

மான்கொம்புத் துண்டை உடனே கொண்டுவந்து வைத்தான். கிட்டார் சுத்தமாகப் பாடியது.

"நாளைக்கும் ஒருக்கால் வந்து பாப்பீங்களே?" என்று சூசையம்மா மெல்லிய குரலில் கேட்டாள்.

"வருவன்."

சேமக்காலையில் அவன் ஒப்பந்தத்தைத் திருத்தினான்.

"மச்சான், இண்டைக்குச் செருமினதை நான் கணக்கிலை எடுக்கேல்லை. அது ஆமையோட்டின்ரை பிழை. உன்னை நான் பிழை சொல்லேல்லை. நாளைக்குச் சொல்லுறதுதான் உன்ரை மறுமொழி."

வியாழக்கிழமை மான்கொம்பும் தாழ்ந்திருந்தது. முதல்நாள் ஒரு தீக்குச்சியைப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை அவன் கீறி வைத்திருந்தான். கீறலுக்குக் கீழே நெல்லுமணியளவு குறைந்திருந்தது. மூன்று தந்திகள் செருமின.

அவன் கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுபோய் இரவிரவாகப் பார்க்கிறேன் என்றான். சூசையம்மாவின் முகம் வெளிறியது.

"வேண்டாம். அவரின்ரை சாமான் இந்த வீட்டை விட்டு வெளியிலை போகக்கூடாது."

அவள் இவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதை அவன் கேட்டதில்லை. அவளுக்கும் பயம் பிடித்துவிட்டது என்று நினைத்தான்.

ஆகவே ஐயாத்துரை ஆசாரியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, கிட்டாரைக் குப்புறப் போட்டு, நிமிர்த்தி, முகர்ந்தும் பார்த்தார்.

"மரம் நல்ல மரம். உப்புக் குடிச்சிருக்குது, அவ்வளவுதான். உதுக்கு மருந்து என்னட்டை இருக்குது." கைப்பெட்டிக்குள்ளிருந்து மஞ்சள் பாரித்த ஒரு துண்டை எடுத்தார். "யானை எலும்பு. ஒட்டுசுட்டான் காட்டுக்கை செத்த கொம்பன். நாப்பது வருசம் கிடந்தாலும் ஒரு மயிரளவு குறையாது."

இரண்டு மணித்தியாலம் இருந்து, செதுக்கி, இறுக்கிப் பொருத்தினார். தட்டினார். வேலியில் குந்தியிருந்த காகம் எழும்பிப் போனது. அவ்வளவு சுத்தமான சத்தம்.

"இனி உது செருமினால் நான் என்ரை உளியைக் கொண்டுபோய்க் கடலிலை போட்டிடுறன்," என்றார்.

அப்போதுதான் காற்று மீண்டும் எழும்பியது. வாசலால் புகுந்து, மூலையில் சாத்திவிட்டு ஒருவரும் தொடாமல் இருந்த கிட்டாரின் மேல் போனது. தந்திகள் ஆறும் சேர்ந்து மிகவும் மெல்ல, நித்திரையில் புலம்புகிறவன்போல் "ம்ம்ம்" என்றன.

ஆசாரி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டார்.

"தம்பி, என்னைக் கெதியாக் கொண்டுபோய் விடும். பட்டறை திறந்தபடி கிடக்குது."

பட்டறையைப் பூட்டிவிட்டு வந்ததை ஞானப்பிரகாசம் கண்டிருந்தான்.

சேமக்காலையில் அன்று அவன் நெடுநேரம் இருந்தான். கேள்வியைத் திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது. "நாளைக்கு," என்று மாத்திரம் சொன்னான்.

வெள்ளிக்கிழமை யானையெலும்பும் குறைந்திருந்தது.

ஆறு தந்தியும் செருமின. ஒவ்வொன்றையும் அவன் தட்டிப் பார்க்கப் பார்க்க, யாகப்பு ஆறு விதமாக ஏலாது என்று சொல்வதுபோல் இருந்தது. பொறுமையாக ஒன்று. அலுப்போடு ஒன்று. அடித்தந்தி மாத்திரம், கடலில் ஒருமுறை ஞானப்பிரகாசம் சுக்கானைத் தவறவிட்டபோது செருமினானே, அதேபோல் செருமியது.

ஞானமலர் கிட்டே வந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தந்தியை விரலால் உருட்டினாள்.

"உருப்படியான தங்கூசி. இப்ப கடையிலை உப்பிடி வாறதில்லை. எங்கையடா எடுத்தனி?"

"வீட்டு மூலையிலை, மீன் பறிக்குள்ளை கிடந்து..."

சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான்.

கடலோடு போன யாகப்புவின் உடல் மூன்றாம் நாள் வட்டுவாகல் முகத்துவாரத்தில் ஒதுங்கியபோது முதலில் கண்டவன் ஞானப்பிரகாசந்தான். யாகப்புவின் வலது மணிக்கட்டில் தங்கூசி சுற்றியிருந்தது. பதினொரு சுற்று. அதை அவிழ்த்தது இந்தக் கைதான். எறிந்திருக்கலாம். ஆனால் அந்தக் கரையில் ஒருவரும் தங்கூசியை எறிவதில்லை. கழுவி, சுருட்டி, பறிக்குள் போட்டுவிட்டு மறந்துபோனான். அந்தச் சுருளிலிருந்துதான் ஆறு துண்டு வெட்டியிருக்கிறான்.

"என்னடா? ஏன் இப்பிடி முழிக்கிறாய்?"

அவன் சொன்னான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஞானமலர் வலையைப் போட்டுவிட்டுச் செபமாலையை எடுத்தாள். சூசையம்மா அந்தத் தந்திகளையே பார்த்தபடி நின்றாள். பிறகு வந்து, ஒரு விரலால், ஒரேயொரு தந்தியை மாத்திரம் தொட்டாள். தட்டவில்லை, தொட்டாள். நெடுநேரம் அப்படியே நின்றாள்.

"கழட்டிப் போடுங்கோ," என்றாள்.

கழற்றினான். அந்தத் தங்கூசியைக் கொண்டுபோய் யாகப்புவின் தலைமாட்டில் புதைத்தான். புதிதாக ஒரு சுருள் அயல்வீட்டில் வாங்கினான். முல்லைத்தீவுக்கு ஓடினான். ஐயாத்துரை ஆசாரி பட்டறை வாசலுக்கு வெளியே வரவில்லை. உள்ளே நின்றபடியே மறுமொழி சொன்னார்.

"இரும்பு வையும். உதுகளுக்கு இரும்பு ஆகாது. கிட்டவும் வராதுகள்."

"நீங்கள் வந்து வைச்சுத் தருவீங்களே?"

"எனக்குச் சளி, தம்பி."

ஞானப்பிரகாசம் தன் சைக்கிள் மட்காட்டைத் தாங்கும் கம்பியை வெட்டி எடுத்து, அடித்துத் தட்டையாக்கி, கிட்டாரில் வைத்தான். மட்காட் அன்றிலிருந்து சில்லில் உரசி, போகிற இடமெல்லாம் கீச்சிட்டது. புதுத் தங்கூசி ஏற்றினான். கோயிலில் ஒரு போத்தல் தீர்த்தம் வாங்கி வந்து கிட்டாரின் நான்கு பக்கமும் தெளித்தான். வட்ட வாய்க்குள்ளும் கொஞ்சம் ஊற்றப் போனவனை ஞானமலர் தடுத்தாள்.

"தேத்தண்ணியும் குடுக்கப்போறியோ?"

தட்டினான். இந்த ஐந்து நாளில் ஒருபோதும் கேளாத சத்தம் வந்தது. ஆழமாக, மூச்சுவிடுவதுபோல். கேட்டவர்களுக்கு அழுகை வரும் சத்தம்.

இனி எந்தச் சாட்டும் இல்லை. நாளை கேட்டுவிட வேண்டும். சேமக்காலைக்குப் போய் அதைத்தான் சொன்னான்.

"மச்சான், ஆமையோடு இல்லை, கொம்பு இல்லை, உன்ரை தங்கூசியும் இல்லை. எல்லாத்தையும் எடுத்திட்டன். இனி நீயும் நானும்தான். நாளைக்கு நீ சொல்லுறதுதான் சொல்லு. நான் பிறகு வந்து உன்னை ஆக்கினைப்படுத்தமாட்டன்."

சனிக்கிழமை அவன் போனபோது வீட்டில் றங்குப்பெட்டி கட்டி வைத்திருந்தார்கள். சூசையம்மா கறுப்பை விட்டு நீலச் சேலை உடுத்திருந்தாள். ஆண்டுப் பூசை முடிந்துவிட்டது. பயணத்துக்கு ஆயத்தம் என்று நினைத்தான். கதிரையை அவனுக்கு இழுத்துப் போட்டாள். ஞானமலர் என்றைக்கும் இல்லாதபடி, "எனக்குக் கிணத்தடியிலை வேலை கிடக்கு," என்று எழுந்து போனாள்.

வீட்டுக்குள் இருவரும் கிட்டாரும் மாத்திரம் இருந்தார்கள்.

சூசையம்மா கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு தூணோடு நின்றாள். வெளியே உச்சி வெயிலில் கடல்கூட ஓசையில்லாமல் கிடந்தது. அவன் உயிரில் பாதி அந்த அடித்தந்தியில் இருந்தது. பெருவிரலை அதன்மேல் வைத்தான். எடுத்தான். மீண்டும் வைத்தான்.

"தட்டுங்கோவன்," என்றாள் அவள்.

தட்டினான்.

"ர்ர்ர்ர்ர்ம்."

குனிந்து பார்த்தான். இரும்பும் குறைந்திருந்தது.

அவனுக்கு அப்போது பயம் வரவில்லை. பயத்தைத் தாண்டி, அலை போன பிறகு கரை கிடக்குமே, அப்படி ஒரு வெறுமை வந்தது. எலும்பைத் தின்னலாம். இரும்பைத் தின்கிறவனுக்கு எவ்வளவு மனமில்லாமல் இருக்க வேண்டும்? பதினான்கு வருட நண்பன். வாய்விட்டுச் சொல்ல வழியில்லாமல் இவ்வளவு பாடுபட்டிருக்கிறான். இதற்கு மேலும் கேட்டால் அது மனிதத்தன்மை இல்லை.

கிட்டாரை மெல்லச் சுவரில் சாத்தினான்.

"இது சரிவராது," என்றான்.

சூசையம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கு... அண்ணர் வரமுந்தி... ஒருக்கால் வந்து பாத்தால்?"

"வேண்டாம். நான் எவ்வளவு பாத்திட்டன். ஒரு ஆளுக்கு விருப்பமில்லையெண்டால் அதோடை விட்டிட வேணும்."

"ஆருக்கு விருப்பமில்லை?"

செத்துப்போனவனின் பெயரை அவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அவன் பேசுவான் என்று அவள் காத்திருந்தாள். அவள் காத்திருப்பது தேத்தண்ணிக் கோப்பைக்காக என்று நினைத்து, அதை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். திரும்பி வரவில்லை.

அன்று பின்னேரம் அவன் சேமக்காலைப் பக்கம் போகவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைந்தபின், பஸ் நிற்கும் ஆலமரத்தடிக்கு றங்குப்பெட்டியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது ஞானப்பிரகாசந்தான். ஞானமலர் மூக்கைச் சிந்திக்கொண்டு பின்னால் வந்தாள். பேசாலையிலிருந்து வந்திருந்த வஸ்தியாம்பிள்ளை, சூசையம்மாவின் தமையன், கடுக்கன் போட்ட பெரிய ஆள். வந்த நேரத்திலிருந்து ஞானப்பிரகாசத்தை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் வாங்க வந்த இடத்தில் கெட்ட மீனைக் கண்ட பார்வை.

பெட்டி பஸ்ஸின் தலையில் ஏறியது. சூசையம்மா ஏறி யன்னலோரம் இருந்தாள். கிட்டாரை வெள்ளைத் துணியில் சுற்றி, பிள்ளைபோல் மடியில் வைத்திருந்தாள். அவன் நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை. போய்வாருங்கோ என்று சொல்ல நினைத்தான். செருமிக்கொண்டான். அது யாகப்புவின் செருமல்போலவே வந்ததில் அவனுக்கே திடுக்கென்றது.

சாரதி இயந்திரத்தை முடுக்கினான். பழைய பஸ், உடம்பெல்லாம் நடுங்கியது.

வஸ்தியாம்பிள்ளை மிதிபலகையில் ஒரு காலை வைத்தவர், திரும்பினார்.

"நீர்தானே ஞானப்பிரகாசம்?"

"ஓம்."

"கிட்டார் திருத்த வந்த ஆள்?"

"ஆறு நாளாப் பாத்தன். சரிவரேல்லை," என்றான் ஞானப்பிரகாசம், நிலத்தைப் பார்த்தபடி. "அதுக்கு விருப்பமில்லை."

கொண்டக்டர் மணியை அடித்தான். பஸ் நகரத் தொடங்கியது. வஸ்தியாம்பிள்ளை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஐசே, ஆமையோட்டிலையிருந்து இரும்பு மட்டும் நீர் வைச்சிட்டுப் போனதையெல்லாம், நாளைக்கும் நீர் வரோணுமெண்டு அம்மியிலை தேய்ச்சுத் தேய்ச்சு என்ரை தங்கச்சியின்ரை விரலிலை தோல் இல்லை, ஒரு நாளெண்டாலும் அதைத் திருத்தாமல் விட்டிட்டு வாயைத் திறந்திருக்கக்கூடாதோ?"